ராணியின் மூக்கில் ஒரு வெட்டு

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு யார் எந்த வேகத்தில் எழுந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

இடம், பீளமேட்டைத் தாண்டி அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் பங்களாவின் கூடம். நீள சோபாவின் நடுவில், இரண்டு பக்கமும் வேறு யாரும் உட்கார முடியாதபடி கைகளை விரித்துப் போட்டுக்கொண்டு, நூல் மில் முதலாளி ரங்கராஜ். அவருக்கு வலப்புறம் ஒற்றை சோபாவில் கிருஷ்ணவேணி. காலமான இரண்டாவது தம்பியின் மனைவி. மின்விசிறிக்கு நேர் கீழே, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசித் தம்பி வெங்கடபதி. சாப்பாட்டு மேசையில் அச்சகத்திலிருந்து வந்த புரூஃப் தாள்களைப் பரப்பியபடி ரங்கராஜின் மகள் ஹர்ஷிணி. துப்பறியும் தெய்வாத்தாளுக்குப் பிரம்பு நாற்காலி கொடுத்திருந்தார்கள். அவளுடைய உதவியாளன் பாலுசாமிக்கு முக்காலி. வாசல் தூணோரம் மதிவதனி நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மதிவதனியின் கணவன் ஜெரோம் போட்டோக்காரன். இந்த வீட்டார் கொடுத்த புகாரில், நேற்றிலிருந்து காவல் நிலையத்து பெஞ்சில் இருந்தான். நாளைக் காலை அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

"ஏனுங்க அம்மணி, போலீசு கேக்கற விதத்துல எல்லாம் கேட்டுப்போட்டாங்க. வாயத் தொறக்க மாட்டீங்கறான்," என்றார் ரங்கராஜ். "நீங்கதான் மாலையைக் கண்டுபுடிச்சுக் குடுக்கோணும். ஞாயித்துக்கெழம நூறு பேரு சொந்தபந்தம் வாராங்க. குடும்ப மலர் வெளியிடறோம். மாலை இல்லாம எப்புடீங்க?"

மாலை என்றால் காசுமாலை. நான்கு தலைமுறைக்கு முன்னால் இந்தக் குடும்பத்துக்கு வந்த மணப்பெண் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தது. விக்டோரியா ராணியின் தலை பதித்த பவுன்களைக் கோத்தது. பாகம் பிரித்தபோது நிலம் பிரிந்தது, மில் பிரிந்தது, மாலையை மட்டும் பிரிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு வீடாக மூன்று வீட்டையும் சுற்றிவரும். யுகாதியன்று வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டானதும், பட்டுத்துணி மூடிய தாம்பாளத்தில் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அங்கேயே திறந்து பார்ப்பதோ, எடை போடுவதோ கூடாது. அண்ணன் தம்பிக்குள் அது மரியாதைக் குறைவு.

"படிக்கட்டுங்களா?" என்று ஹர்ஷிணி ஒரு புரூஃப் தாளை எடுத்தாள். "'மூன்று வீடுகளும் மூன்று கண்களாக இருந்து காத்துவரும் முன்னோர் சொத்து.' இது அப்பா சொல்லச் சொல்ல எழுதுனது."

"மூணாவது கண்ணைத் தொறந்தா எரிஞ்சுபோகுமுங்களே," என்றான் பாலுசாமி.

தெய்வாத்தாள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசைக்குப் போனாள். மேலாக இருந்த தாளில் பழைய குரூப் போட்டோ ஒன்று. கோட்டும் தலைப்பாகையுமாக ஆண்கள், ஓரத்தில் ஒரு காங்கேயம் காளை. காளையின் மூக்கணாங்கயிற்றை ஒரு கை பிடித்திருந்தது. கைக்கு உரிய ஆள் இல்லை. படம் அங்கே வெட்டப்பட்டிருந்தது.

"மாலை கடைசியா யாரு ஊட்டுல இருந்துச்சுங்க?"

"என்ற ஊட்டுலதானுங்க," என்றார் வெங்கடபதி. "இந்த வருசம் எங்க முறை. புதன்கெழம இந்த ஜெரோமு வந்து போட்டோ எடுத்தான். வெள்ளிக்கெழம பெரிய படம் ஒண்ணு போட்டுக் கொண்டாந்து காமிச்சான். சனிக்கெழம பீரோவைத் தொறந்தா மாலை இல்லீங்க. வேற யாரு எடுத்திருப்பா?"

"அந்தப் படம் எங்கீங்க?"

"சரியா வர்லீன்னு அவனே எடுத்துட்டுப் போய்ட்டான். பொறகு நாங்க போலீசோட போயி ஸ்டுடியோவுல இருந்த படம், பிலிம் எல்லாத்தையும் அள்ளிட்டு வந்தமுங்க."

"மாலை காணோம்னா மாலையைத் தேடுவாங்க. நீங்க எதுக்குங்க படத்தைத் தேடுனீங்க?"

வெங்கடபதி மின்விசிறியைப் பார்த்தார். "அடையாளத்துக்குங்க."

"சரி, அடையாளத்தைக் குடுங்க."

"கார் டிக்கியில வெச்சிருந்தனுங்க. மழையில நனைஞ்சு வீணாப் போச்சு."

"எங்க தெருவை மட்டும் விட்டுப்போட்டுப் பேஞ்சிருக்குதுங்க," என்றான் பாலுசாமி.

தெய்வாத்தாள் வெளியே வந்தாள். "மதிவதனி, உங்க ஊட்டுக்குப் போலாமா?"

ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஓட்டு வீடு. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஏசுநாதர் காலண்டர். காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெறும் ஆணி. ஆணி புதிது, இன்னும் துரு ஏறவில்லை.

"இங்க என்ன இருந்துச்சு?"

"என்ற மாமனாரு படமுங்கக்கா. ஆறுச்சாமின்னு பேரு. அவங்க ஊட்டுப் பெரியய்யா தோட்டத்துல மாடு பாத்துட்டு இருந்தாரு." மதிவதனி ஸ்டவ்வில் தண்ணீர் வைத்தாள். "அவரு உசுரோட இருக்கறப்ப ஒரு படங்கூட எடுக்கலீங்க. அவருக்கு மகன் போட்டோக்காரன்! இவங்க மலருக்காகப் பழைய குரூப் போட்டோவைக் காப்பியெடுக்கக் குடுத்தாங்க. பாத்தா, ஓரத்துல மாட்டைப் புடிச்சுட்டு மாமா நிக்கறாரு. அன்னிக்கு ராத்திரி என்ற ஊட்டுக்காரரு சோறு திங்கலீங்க. அவர மட்டும் பெருசாப் போட்டு, பிரேம் பண்ணி மாட்டினாரு."

"அது இப்ப எங்க?"

"வந்தவங்க கழட்டி ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்ட்டாங்க. அவங்க போட்டோவுல இருந்து திருடினதாம். புகாருல அதையும் சேத்திட்டாங்க."

பாலுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டான். அவனுக்கு அது அபூர்வம்.

தெய்வாத்தாளுக்குப் புரூஃப் தாளில் பார்த்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. கையை விட்டு வைத்ததற்குக் காரணமும் தெரிந்தது. அதையும் வெட்டினால் காளையின் மூக்குப் போய்விடும்.

டீத்தூள் எடுக்க மதிவதனி அலமாரியைத் திறந்தாள். பாலுசாமி எட்டிப் பார்த்தான். "ஏனுங்க, எல்லா ஊட்டுலயும் அலமாரிக்கு நியூஸ் பேப்பர் விரிப்பாங்க. இதென்னங்க, கல்யாண மண்டபம் மாதிரி வழவழன்னு?"

"ஸ்டுடியோவுல கழிச்சுப்போட்ட படமுங்க. பேப்பராட்டக் கிழியாது, தொடைச்சா சுத்தமாயிரும்."

தெய்வாத்தாள் எழுந்து வந்தாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். மிளகாய்ப் பொடிக்குக் கீழே, கண்ணை மூடிக்கொண்ட ஒரு மணப்பெண். துவரம்பருப்புக்குக் கீழே, தலை வெட்டுப்பட்ட ஒரு மாப்பிள்ளை.

"ரெண்டு பேருக்கும் பொருத்தம் பாக்கலாமுங்க," என்றான் பாலுசாமி.

புளி ஜாடிக்குக் கீழே இருந்ததுதான் பெரியது. கறுப்புத் துணிமேல் வளைத்து வைத்த காசுமாலை. ஒவ்வொரு ராணியின் முகமும் கட்டைவிரல் நகமளவுக்குத் தெரிந்தது. ஓரத்தில் ஜாடியின் வட்டக் கறை.

"இது ஏன் கழிவுல வந்துச்சு?"

"தூசி விழுந்துபோச்சாமுங்க. எல்லாக் காசுலயும் கீறலாட்டத் தெரியுதுன்னு அவருக்கு ஒரே சங்கடம். வெங்கடபதி அய்யாகிட்டக் கொண்டுபோய்க் காமிச்சு, 'என்ற லென்சுல ஏதோ கோளாறுங்க, மன்னிச்சுக்குங்க, இன்னொருக்கா மாலையைக் குடுத்தீங்கன்னா வேற எடுத்துத் தாரேன்'னு சொல்லிட்டு வந்தாரு."

"இவரு மன்னிப்புக் கேட்டதுக்குப் பொறகுதான் மாலை காணாமப் போச்சு."

"ஆமாங்க. அடுத்த நாளு."

தெய்வாத்தாள் கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்க வைத்திருப்பது. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முதல் காசிலிருந்து கடைசிக் காசு வரை மெதுவாக நகர்த்தினாள். பிறகு கண்ணாடியைப் பாலுசாமியிடம் கொடுத்தாள்.

"தூசின்னா கண்ட பக்கம் விழோணும். இது ஒவ்வொரு ராணியோட மூக்காப் பாத்துத் தேடிப்போய் விழுந்திருக்குது. பாரு."

பாலுசாமி பார்த்தான். "மூக்குல வெட்டு. அடுத்ததுக்கும் வெட்டு. இதுக்கு வெட்டோட கன்னத்துல ஒரு மச்சம். இந்தப் பக்கம் வெட்டு இருக்குது, மச்சம் இருக்குது, தாடை மூளியாப் போச்சு. ஏனுங்க்கா, ராணிக்கு வயசாயிட்டே போகுதுங்களா?"

"வெட்டு இல்லாத ராணி ஒண்ணாச்சும் இருக்குதா?"

அவன் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தான். "இல்லீங்க்கா."

மதிவதனி டீயை நீட்டினாள். தெய்வாத்தாள் வாங்கினாள், குடிக்கவில்லை. அழுகல் முட்டையை உடைத்துவிட்டவளைப் போல முகம் சுளித்திருந்தது. "டீ நல்லாத்தான் இருக்கும் மதிவதனி. எனக்குத்தான் இப்ப எதுவும் எறங்காது. இந்தப் படத்தை நான் எடுத்துக்கறேன். நீயும் கிளம்பு."

திரும்பி வந்தபோது கூடத்தில் முறுக்கும் காபியும் நடந்துகொண்டிருந்தன. உட்கார்ந்த இடம் யாருக்கும் மாறவில்லை. தெய்வாத்தாள் உட்காராமலே படத்தை டீப்பாய்மேல் வைத்தாள்.

வெங்கடபதியின் கையிலிருந்த முறுக்கு தட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

"இது கீறல் இல்லீங்க. வார்ப்புல விழுந்த குறை," என்றாள் தெய்வாத்தாள். "ஒருத்தர் நல்ல பவுன் ஒண்ணை மாதிரிக்கு வெச்சு அச்சு எடுத்திருக்காங்க. அச்சுல சின்னப் பழுது, மூக்குல வெட்டு விழுந்துபோச்சு. அந்த அச்சுல செம்பை ஊத்தி, முலாம் போட்டு, மாலையில கோத்துட்டுப் பவுனை எடுத்துக்கிட்டாங்க."

"அதுதானுங்களே! அந்த ஜெரோமுதான்..." என்று ஆரம்பித்தாள் கிருஷ்ணவேணி.

"இருங்கம்மா. பொறகு ரெண்டாவதா ஒருத்தரு வந்தாங்க. அவங்களும் மாதிரிக்கு ஒரு காசைக் கழட்டுனாங்க. அவங்க நேரம், கழட்டுனது முதல் ஆளு போட்ட செம்பு. அதைப் பவுன்னு நினைச்சு அச்சு எடுத்தாங்க. அதனால வெட்டும் வந்துச்சு, புதுசா ஒரு மச்சமும் வந்துச்சு. மூணாவது ஆளு மாதிரிக்கு எடுத்தது, அந்த மச்சக் காசு. அதுல வெட்டு, மச்சம், மூளித் தாடை மூணும் இருக்குது. ஒரு நாள்ல, ஒரு கையில நடந்த வேலை இல்லீங்க இது. மூணு அச்சு. மாலை சுத்தற வீடும் மூணு."

ஹர்ஷிணியின் கையிலிருந்த பென்சில் உருண்டு தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அம்மணி, வார்த்தையை அளந்து பேசுங்க," என்றார் ரங்கராஜ். "எந்த அச்சு எந்த ஊடுன்னு உங்களால சொல்ல முடியுங்களா?"

"முடியாதுங்க. காசுல ராணி பேருதான் இருக்குது, உங்க பேரு இல்லை. ஒண்ணு மட்டும் சொல்லலாம். நல்ல பவுன்ல பெரும்பங்கு முதல் ஆளுகிட்டப் போயிருச்சு. மத்த ரெண்டு பேரும் பூட்டி வெச்சிருக்கறதுல பாதிக்கு மேல செம்புத்தானுங்க."

கிருஷ்ணவேணி படக்கென்று எழுந்தாள். "செம்பா? அப்ப நான் லாக்கருல..."

அதற்கு மேல் அவளால் அந்த வாக்கியத்தை எங்கேயும் கொண்டுபோக முடியவில்லை. எழுந்தவள் அப்படியே நின்றாள்.

வெங்கடபதி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஏனுங்க, மச்சம் வெச்சது ரெண்டாவதுங்களா, மூணாவதுங்களா? ரெண்டாவதுன்னா கொஞ்சமாச்சும் பவுன் இருக்குமுங்கல்ல?"

"அதை உங்க ஆசாரிகிட்டக் கேளுங்க," என்றான் பாலுசாமி.

கேள்வியே கேட்காதவர் ஒருவர்தான். ரங்கராஜ் சோபாவில் விரித்த கையை மடக்காமல், ஒரு முறுக்கை எடுத்து நிதானமாகக் கடித்தார். தம்பியும் தம்பி மனைவியும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கடியில் அவருக்கு விக்கிக்கொண்டது.

"மாலை எங்கீங்க?" என்றாள் தெய்வாத்தாள் வெங்கடபதியிடம்.

"மில்லு ஆபீசுல." குரல் இறங்கிவிட்டது. "நான் போட்டது மட்டுந்தான் படத்துல தெரியுதுன்னு நெனைச்சுப்போட்டனுங்க. ஞாயித்துக்கெழம நூறு பேரு முன்னால மலரைத் தொறந்தா என்ற மானம் போயிருமே."

"அதுக்கு ஜெரோமைப் புடிச்சுக் குடுத்தீங்க."

"வேற யாரைங்க சொல்றது? அவன்தான வந்துட்டுப் போனான்."

இத்தனை நாளும் ஒருவரை ஒருவர் ஏமாற்றியவர்கள் இனி அடித்துக்கொள்வார்கள் என்று பாலுசாமி எதிர்பார்த்தான். முக்காலியைக்கூடச் சுவரோரம் நகர்த்தி வைத்துக்கொண்டான். நடந்தது வேறு. மூன்று தலைகளும் நெருங்கின. பேச்சு தெலுங்குக்கு மாறியது. வெளியாட்களுக்கு முன்னால் வீட்டு விஷயம் பேச அவர்களுக்குப் பழகிய பாஷை அது. முகங்களில் கோபம் வடிந்து, ஒரு தெளிவு வந்தது. கிருஷ்ணவேணி தலையாட்டினாள். ரங்கராஜ் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஹர்ஷிணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மணி, ரொம்பச் சந்தோசமுங்க," என்று ரங்கராஜ் தமிழுக்குத் திரும்பினார். "இது குடும்ப விசயம். நாங்க பேசிக்கறோம். உங்களுக்குச் சேர வேண்டியதைச் சேத்திடறோம்."

பாலுசாமி தொண்டையைச் செருமினான். "ஏனுங்க்கா, இவங்க பேசினதை முச்சூடும் சொல்லட்டுங்களா? நான் பீளமேட்டுல பொறந்து வளந்தவன். எங்க தெருவுல பால் வாங்கோணும்னாலும் தெலுங்குதானுங்க." அவன் விரலை மடக்கினான். "மாலை போனது போனதாவே இருக்கட்டுமாம். கெடைச்சுதுன்னு சொன்னா ஆளாளுக்குக் கையில எடுத்துப் பாப்பாங்களாம். ஜெரோமு ரெண்டு மாசம் உள்ள இருக்கட்டுமாம். பொறகு இவங்களே ஜாமீன்ல எடுத்து உட்டா, காலம் பூரா நன்றியோட இருப்பானாம். இந்தக் கடைசி யோசனை பெரியவரு சொன்னதுங்க. அதுக்குத்தான் அந்தம்மா தலையாட்டுனாங்க."

தூணோரம் நின்ற மதிவதனி உள்ளே வந்தாள். தூணை விட்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றாள்.

தெய்வாத்தாள் எத்தனையோ திருடர்களைப் பார்த்தவள். பசிக்குத் திருடினவன், பழக்கத்தில் திருடினவன், மாட்டிக்கொண்டதும் காலில் விழுந்தவன். வீட்டுக்குப் போய்க் குளித்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது இதுதான் முதல் தடவை.

"ஹர்ஷிணி, மலர் எப்ப அச்சுக்குப் போகுது கண்ணு?"

"நாளைக்குக் காத்தாலைங்க." ஹர்ஷிணி எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. டீப்பாய்மேல் இருந்த படத்தை எடுத்துக்கொண்டாள். "இந்தப் படத்தைத்தான் முழுப் பக்கம் போடப்போறேன். ஒவ்வொரு மூக்கும் தெரியறாப்பல. பக்கத்துல அப்பா சொல்லி எழுதின அந்த மூணு கண்ணையும் போடறேன்."

"ஹர்ஷிணி! குடும்ப மானமடி!"

"அது எந்த லாக்கருல இருக்குதுங்கப்பா?"

ரங்கராஜின் கைகள் சோபாவிலிருந்து இறங்கி மடிக்கு வந்தன.

"படம் மலருக்குப் போக வேண்டாம்னா இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் போகோணும்," என்றாள் தெய்வாத்தாள். "இப்பவே. மூணு பேரு கையெழுத்தோட. ஹர்ஷிணி, நீயே எழுது கண்ணு."

எழுதுவது ஒரு பக்கம்தான். அதற்கு அவர்கள் பேசிய பேரம், சந்தையில் மாட்டுக்குப் பேசுவதைவிட நீளமாகப் போயிற்று.

"'மாலை மறதியாக இடம் மாறிவிட்டது'ன்னு போட்டாப் பத்தாதுங்களா?" என்றார் ரங்கராஜ்.

"பத்தாதுங்க. 'வெங்கடபதி தாமே எடுத்து வைத்திருந்தார்.' எழுதிட்டியா?"

"'யாரோ ஒரு போட்டோகிராபர்'னு போடுங்களேன். அவன் பேரு எதுக்கு?" என்றார் வெங்கடபதி.

"புகாருல பேரு, அப்பன் பேரு, வெலாசம் எல்லாம் எழுதுனீங்கல்ல? அதே மாதிரி. 'ஆறுச்சாமி மகன் ஜெரோம் மீது பொய்யாகப் புகார் கொடுத்தோம்.'"

"பொய்யாகங்கறது கொஞ்சம்..." என்றாள் கிருஷ்ணவேணி.

"'வேண்டுமென்றே பொய்யாக'ன்னு மாத்திரட்டுங்களா?" என்றாள் தெய்வாத்தாள்.

கிருஷ்ணவேணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"கடைசியா ஒண்ணு. 'அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அவர் தகப்பனார் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறோம்.'"

ரங்கராஜுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பவுன் போனபோதுகூட அவர் இவ்வளவு சிவக்கவில்லை. "அதெப்புடீங்க? அது எங்க ஊட்டு குரூப் போட்டோ. எங்கய்யா காசு குடுத்து எடுத்தது. அதுல இருக்கறது எல்லாம் எங்களுது."

"மாடு உங்களுதுங்க," என்றாள் மதிவதனி. "ஆளு எங்களுது."

ஹர்ஷிணி அந்த வரியை எழுதி முடித்துப் பேனாவைத் தகப்பனாரிடம் நீட்டினாள்.

முதலில் கையெழுத்துப் போட மூன்று பேருக்கும் மனமில்லை. அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணியைப் பார்த்தார். கடைசியில் வயசுப்படி போட்டார்கள். ஒவ்வொருவரும் போட்டு முடித்ததும், மற்றவர் தங்களைவிடச் சின்னதாகப் போட்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஹர்ஷிணி கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். ஒட்டுவதற்காக ரங்கராஜ் கை நீட்டினார். நாக்கு உதட்டுக்கு வந்திருந்தது.

"வேண்டாமுங்க," என்றாள் தெய்வாத்தாள். அந்த வீட்டு நாக்கு எதுவும் அதன்மேல் படுவதை அவள் விரும்பவில்லை. மேசைமேல் புரூஃப் தாள்களுக்கு நடுவில் கிடந்த கோந்து பாட்டிலைத் திறந்து, விரலால் தொட்டு விளிம்பு நெடுகத் தடவினாள். மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். நான்கு மூலையும் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். பிறகு அதை மதிவதனியிடம் கொடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் கையில மட்டும் குடு. ஏட்டு கேட்டாலும் குடுக்காத. படத்தை வாங்காம நகராத."

பாலுசாமி வெளியே போய் டி.வி.எஸ்.ஸைக் கிளப்பினான். அது மூன்றாவது உதைக்குத்தான் எழுந்தது. மதிவதனி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். உறையைப் பையில் வைக்கவில்லை, மடக்கவும் இல்லை. கோந்து ஈரம் காயட்டும் என்று இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டி அவிநாசி சாலைப் பக்கம் திரும்பியது.